பெரிய எழுத்து எங்கே வரும்? சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை

வாக்கியத்தின் முதல் எழுத்து கேப்பிட்டல், ஆள் பெயர் கேப்பிட்டல், ஊர்ப் பெயர் கேப்பிட்டல் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மடமடவென ஒப்பித்துவிடும். அதே பிள்ளையின் ஆங்கில நோட்டைத் திறந்தால் வாக்கியம் சின்ன எழுத்தில் தொடங்கியிருக்கும். ஏதோ ஒரு சொல்லின் நடுவில் பெரிய எழுத்து எட்டிப் பார்க்கும். 'நான்' என்று பொருள் தரும் 'ஐ' தலையில் புள்ளி வைத்துக் குட்டியாக நிற்கும். இதைப் பார்த்ததும் நாம் செய்வது விதியைப் பத்துத் தடவை எழுத வைப்பது. அதில் பலன் குறைவு, ஏனென்றால் விதி தெரியாமல் வந்த பிழைகள் இதில் கொஞ்சம்தான். மற்றவை எழுத்தின் வடிவம் கையில் படியாததாலும், வாக்கியம் எங்கே தொடங்குகிறது என்று பிடிபடாததாலும், எது பெயர் எது பொதுச்சொல் என்று பிரிக்கத் தெரியாததாலும் வருகின்றன. மூன்றுக்கும் மருந்து வேறு. எந்தப் பிழை எதிலிருந்து வந்தது என்று பார்க்காமல் திருத்தினால், திருத்துகிறவருக்கும் சலிப்பு, பிள்ளைக்கும் சலிப்பு.

தமிழில் எழுத்தறிந்து ஆங்கிலத்துக்கு வரும் பிள்ளைக்கு இன்னொரு புதுமையும் சேர்ந்துகொள்கிறது. தமிழில் 'ம' சொல்லின் முதலில் வந்தாலும் கடைசியில் வந்தாலும் அதே 'ம'தான். இந்தி, அரபி, சீனம் எதிலும் பெரிது, சிறிது என்ற பிரிவு கிடையாது. ஆங்கிலம் எழுதப்படும் இலத்தீன் எழுத்து, கிரேக்கம், ரஷ்ய மொழிக்கான சிரில்லிக், ஆர்மீனியம் போன்ற சிலவற்றில்தான் ஒரே எழுத்துக்கு இரண்டு உருவம் இருக்கிறது. ஆகவே 'ஒரே எழுத்து, ஒரே ஓசை, இரண்டு உருவம்' என்பதே முதல் பாடம். அது பதியாத பிள்ளைக்கு விதி சொல்லி என்ன செய்ய?

வடிவம் முதலில்

ஒரு சின்ன ஏற்பாடு: தமிழில் எழுதும்போது ஆங்கிலத்தின் இரண்டு 'பி'யும் இரண்டு 'டி'யும் ஒன்றாகிவிடும். அதனால் இங்கே பேட் பி, பென் பி, டாக் டி, டேபிள் டி என்றே சொல்கிறேன்.

26 எழுத்துக்கு 52 உருவம். எல்லாமே ஒரே அளவு கடினம் இல்லை. சி, ஓ, எஸ், வி, டபிள்யூ, எக்ஸ், இசட் ஆகிய ஏழும் பெரிதிலும் சிறிதிலும் அச்சாக ஒன்றே, அளவு மட்டும்தான் மாறும். கே, பென் பி, யூ மூன்றும் கிட்டத்தட்ட அப்படித்தான். எஃப், ஐ, ஜே, எம், டேபிள் டி, ஒய் ஆறும் கொஞ்சம் ஜாடை காட்டும். மீதிப் பத்தில்தான் உண்மையான வேலை இருக்கிறது: ஏ, பேட் பி, டாக் டி, ஈ, ஜி, ஹெச், எல், என், க்யூ, ஆர். இவற்றில் பெரியதைப் பார்த்தால் சிறியதன் நினைவே வராது.

இந்தப் பிரிவை வைத்துக்கொண்டால் ஒரு பெரிய லாபம் உண்டு. கேப்பிட்டல் விதியை முதன்முதலாகப் பழக்கும்போது ஒரே உருவம் கொண்ட எழுத்துகளில் தொடங்கும் சொற்களைத் தவிர்த்துவிடலாம். 'சண்டே' என்று பிள்ளை எழுதியிருக்கிறது. முதல் எஸ் பெரியதா சின்னதா? கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது, ஆனால் பக்கத்து யூவும் அதே அளவு. சரி போடுவதா, தப்புப் போடுவதா? உங்களுக்கே தெரியாதபோது பிள்ளைக்கு என்ன தெரியும்? வாரத்தின் ஏழு நாளில் சண்டே, சாட்டர்டே, வெட்னஸ்டே மூன்றும் இந்த வகை. மண்டே, ட்யூஸ்டே, தர்ஸ்டே, ஃப்ரைடே நான்கும் தெளிவானவை. மாதங்களில் செப்டம்பரும் அக்டோபரும் மட்டும்தான் குழப்பம். அதனால் நாள்களை மண்டேயிலும் மாதங்களை ஏப்ரலிலும் தொடங்கலாம். ஆள் பெயர் என்றால் அனு, பானு, மீனா, ரவி, திவ்யா, நந்தினி போன்றவை வசதி.

ஒரே உருவம் கொண்ட எழுத்துகளைச் சோதிக்க நாலு கோட்டு நோட்டு தவிர வேறு வழியில்லை. நாலு கோடு, மூன்று இடைவெளி. பெரிய எழுத்து எதுவானாலும் மூன்றாம் கோட்டில் கால் ஊன்றி முதல் கோட்டில் தலை தொடும். அதாவது மேல் இரண்டு இடைவெளியையும் நிரப்பும். சின்ன எழுத்தில் மூன்று குடும்பம். ஏ, சி, ஈ, ஐ, எம், என், ஓ, ஆர், எஸ், யூ, வி, டபிள்யூ, எக்ஸ், இசட் ஆகிய பதினான்கும் நடு இடைவெளியோடு சரி. பேட் பி, டாக் டி, எஃப், ஹெச், கே, எல், டேபிள் டி ஏழும் மேலே எழும்பும். ஜி, ஜே, பென் பி, க்யூ, ஒய் ஐந்தும் கீழே இறங்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பெரிய எழுத்து என்றால் உயரமான எழுத்து என்று சொல்லிக்கொடுத்தால், சின்ன எல், சின்ன ஹெச் எல்லாம் பெரிய எழுத்து உயரத்திலேயே நிற்பதைப் பார்த்துப் பிள்ளை குழம்பும். உயரம் அடையாளம் அல்ல, உருவம்தான் அடையாளம். சி, ஓ, எஸ் போன்ற ஒரே உருவம் கொண்ட ஏழு எழுத்துக்கு மட்டும் உயரத்தைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

அச்செழுத்தும் சும்மா விடுவதில்லை. பல எழுத்துருக்களில் பெரிய ஐ, சின்ன எல், எண் 1 மூன்றும் ஒரே குச்சியாக இருக்கும். அச்சில் வரும் சின்ன ஏ தலைக்கு மேல் ஒரு கொக்கியோடும் சின்ன ஜி இரண்டு வளையத்தோடும் வரும். நாம் கையால் எழுதுவது வேறு உருவம். அப்படியானால் ஒரே ஏவுக்குப் பிள்ளை பார்ப்பது மூன்று உருவம். பயிற்சித்தாள் அடிப்பவர்கள் பெரிய ஐக்கு மேலும் கீழும் பட்டை உள்ள, சின்ன ஏ கையெழுத்து உருவத்திலேயே இருக்கும் எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால் பாதி சிக்கல் தீரும்.

சொல் நடுவில் ஏன் பெரிய எழுத்து வருகிறது

'பேபி' என்ற சொல்லில் இரண்டு பியையும் பெரியதாகப் போடுவது, 'ரெட்' என்பதன் கடைசி டியைப் பெரியதாகப் போடுவது. இது விதிப் பிழை மாதிரி தெரியும், ஆனால் இல்லை. சின்ன பேட் பியும் சின்ன டாக் டியும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒன்றுக்கொன்று திரும்பி நிற்பவை. எந்தப் பக்கம் வயிறு வரும் என்று பிள்ளைக்கு நிச்சயமில்லை. பெரிய எழுத்தில் அந்தக் குழப்பமே இல்லை. அதனால் பிள்ளை தெரிந்த உருவத்துக்குத் தாவிவிடுகிறது. யோசித்துப் பார்த்தால் கெட்டிக்காரத்தனம்தான். அதற்குப் போய் 'சொல் நடுவில் கேப்பிட்டல் வராது' என்று சொன்னால், பெரியதை விட்டுவிட்டு பியை டியாக எழுத ஆரம்பிக்கும். செய்ய வேண்டியது கை ஓட்டத்தைப் பிரித்துக் கொடுப்பது. பேட் பி மேலிருந்து நேர்கோடாக இறங்கி, அடியிலிருந்து மேலேறி வயிறு போடும். டாக் டி முதலில் சி போல வயிறு போட்டு, பிறகு கோடாக மேலேறி இறங்கும். ஒன்று கோட்டில் தொடங்குவது, மற்றது வளைவில் தொடங்குவது. இரண்டையும் ஒரே நாளில் சேர்த்துப் பழக்காமல், ஒன்று நன்றாகப் படிந்த பிறகு அடுத்ததற்குப் போவது நல்லது.

கே, ஆர், என் ஆகியவை நடுவில் பெரியதாக வருவதற்குக் காரணம் பெரும்பாலும் பழக்கம். பெரும்பாலும் நேர்கோடுகளால் ஆனவை என்பதால் பெரிய எழுத்துகளை முதலில் பழக்குகிற முறை பரவலாக இருக்கிறது. கை அங்கேயே நின்றுவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை: 26 எழுத்தையும் வரிசை மாற்றிச் சொல்லி, சின்ன எழுத்தில் மட்டும் எழுதச் சொல்லுங்கள். வரிசையாகச் சொன்னால் பாட்டு நினைவில் எழுதிவிடும், சோதனை பலிக்காது. தயங்கிய எழுத்தையும் பெரியதாகப் போட்ட எழுத்தையும் ஓரமாகக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலில் உள்ள எழுத்துகள் சரியாகும்வரை, சொல் நடுவில் அவை பெரியதாக வந்தால் விதியைச் சொல்லித் திருத்த வேண்டாம்.

இன்னொரு மூலகாரணம் பையிலும் நோட்டு அட்டையிலும் ஒட்டியிருக்கும் பெயர்ச்சீட்டு. பிள்ளை அதிகம் பார்க்கிற, முதன்முதலாகப் பார்த்து எழுதுகிற சொல் அதன் பெயர்தான். அந்தச் சீட்டில் பெயர் முழுக்கப் பெரிய எழுத்தில் இருந்தால் மாதிரியே தப்பாக அமைந்துவிடுகிறது. முதல் எழுத்து பெரியது, மீதி சின்னது என்று சீட்டை மாற்றி எழுதிவிடுங்கள். பெயர்ப் பலகைகளிலும் எச்சரிக்கைகளிலும் எல்லாம் பெரிய எழுத்தாக இருப்பதைக் காட்டிப் பிள்ளை கேட்டால், 'அது பலகை எழுத்து, இது நோட்டு எழுத்து' என்று சொன்னால் போதும். ஒத்துக்கொண்டுவிடும்.

எதை எப்போது

இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டம் முதல் ஆண்டில், அதாவது ஐந்து ஆறு வயதில், வாக்கியத் தொடக்கம், 'ஐ' என்ற சொல், ஆள் பெயர், இடப் பெயர், வாரநாள் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்கிறது. அமெரிக்காவில் 2010ல் வெளிவந்த காமன் கோர் என்ற பொதுப் பாடத்தர வரையறை இன்னும் நிதானம்: மழலையர் வகுப்பில் வாக்கியத்தின் முதல் சொல்லும் 'ஐ'யும் மட்டும், ஒன்றாம் வகுப்பில் தேதியும் ஆள் பெயரும், இரண்டாம் வகுப்பில் விடுமுறை நாள், பொருள்களின் வணிகப் பெயர், நில வரைபடத்தில் வரும் பெயர்கள், மூன்றாம் வகுப்பில்தான் தலைப்புகள். ஆக நாலு வருடத்துக்குப் பரப்பி வைத்த பாடம் இது. நம்மில் பலர் பத்து விதியை ஒரே பக்கத்தில் எழுதிப்போட்டு மறுநாள் சோதனை வைக்கிறோம்!

வயது எதுவானாலும் வரிசை இப்படி இருந்தால் நல்லது: வாக்கியத் தொடக்கம், 'ஐ', ஆள் பெயர், நாளும் மாதமும், இடம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வாரம், நாளுக்குப் பத்து நிமிடம். ஒரு விதி ஓடிக்கொண்டிருக்கும்போது அடுத்த விதியின் பிழையைக் கண்டும் காணாமல் விடுவது முக்கியம்.

வாக்கியம் எங்கே தொடங்குகிறது

'வாக்கியத்தின் முதல் எழுத்து' என்று சொல்லிவிடுகிறோம். வாக்கியம் எது என்று தெரியாத பிள்ளைக்கு அது வெறும் ஓசை. ஆரம்பப் பாடநூல்களில் ஒரு வரிக்கு ஒரு வாக்கியம் அச்சிடுவதால், பிள்ளை தானாக எடுத்துக்கொள்ளும் விதி 'வரியின் முதல் எழுத்து பெரியது' என்பதுதான். நீளமான வாக்கியம் அடுத்த வரிக்கு வழிந்தால் அங்கேயும் ஒரு கேப்பிட்டல் போடும். வரியின் நடுவில் புது வாக்கியம் தொடங்கினால் போடாது. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் காரணம் இதுதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். வேண்டுமென்றே வரி நடுவில் முடியும், அடுத்த வரிக்கு வழியும் வாக்கியங்கள் உள்ள பத்தியைக் கொடுத்து, முற்றுப்புள்ளியைச் சிவப்பிலும் அதற்கு அடுத்து வரும் எழுத்தைப் பச்சையிலும் வட்டமிடச் சொன்னால் நாலைந்து நாளில் சரியாகும். புள்ளியும் பெரிய எழுத்தும் ஜோடி, ஒன்று இருந்தால் அடுத்து மற்றது. முற்றுப்புள்ளி தமிழிலும் இருப்பதால் இந்தப் பாதி பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்தது.

விதியைக் கையால் தொட்டு உணர வைக்க இருபக்க அட்டையை விடச் சிறந்த கருவி இல்லை. செலவு ஒன்றுமில்லை, ஐந்து துண்டுத் தாள் போதும். டுடே, ரவி, இஸ், அட், ஹோம் என்று ஐந்து சொல். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு பக்கம் முதல் எழுத்து பெரியது, மறுபக்கம் சின்னது. ரவிக்கு மட்டும் இரண்டு பக்கமும் பெரிய ஆர்தான். முற்றுப்புள்ளிக்கும் கேள்விக்குறிக்கும் தனித்தனிக் குட்டி அட்டை. முதலில் 'டுடே ரவி இஸ் அட் ஹோம்' என்று அடுக்கச் சொல்லுங்கள். டுடே பெரிய எழுத்துப் பக்கம், ரவி தன் பக்கம், மற்ற மூன்றும் சின்ன எழுத்துப் பக்கம். அடுத்து டுடேயைக் கடைசிக்கு நகர்த்தி 'ரவி இஸ் அட் ஹோம் டுடே' ஆக்கச் சொல்லுங்கள். டுடே அட்டையைத் திருப்பியாக வேண்டும். ரவி முன்னுக்கு வந்தும் அப்படியே இருக்கிறது. மூன்றாவதாக 'இஸ் ரவி அட் ஹோம் டுடே?' என்ற கேள்வி. இப்போது இஸ் திரும்பும், புள்ளி போய்க் கேள்விக்குறி வரும், ரவி இப்போதும் அசையவில்லை.

இடத்தால் வருகிற பெரிய எழுத்து வேறு, பெயரால் வருகிற பெரிய எழுத்து வேறு என்பதை எந்த விளக்கத்தையும் விட இந்த மூன்று நகர்த்தல் தெளிவாகக் காட்டும். டுடேக்குக் கிடைத்தது அந்த இடத்துக்கான மரியாதை, இடம் போனால் போய்விடும். ரவியுடையது சொந்தச் சொத்து. சொற்களின் முதல் எழுத்துகளைப் பாருங்கள்: டேபிள் டி, ஆர், ஐ, ஏ, ஹெச். ஒன்றுகூட ஒரே உருவக் குழுவில் இல்லை. புதிதாக அட்டை செய்யும்போதும் இதைக் கவனித்தால் போதும்.

'ஐ'க்கும் இதே விளையாட்டுதான். ஐ, ஆம், ஹியர் என்ற மூன்றே அட்டை. 'ஐ ஆம் ஹியர்', 'ஆம் ஐ ஹியர்?', 'ஹியர் ஐ ஆம்' என்று மூன்று விதமாக அடுக்கலாம். ஆமும் ஹியரும் திரும்பிக்கொண்டே இருக்கும், ஐ மட்டும் எங்கே போனாலும் பெரியதே.

இதைக் கற்ற ஒரு வாரத்தில் புதுப் பிழை ஒன்று முளைக்கும்: இட், இன், இஸ், இஃப் எல்லாம் வாக்கிய நடுவில் பெரிய ஐயோடு வரும். பிள்ளை விதியை அளவுக்கு மீறி நீட்டியிருக்கிறது. 'தனியாக நிற்கிற ஐ மட்டும்' என்று திருத்திச் சொல்லி, ஒரு பத்தியில் தனி ஐயை எல்லாம் வட்டமிட வைத்தால் அடங்கும். ஐம், ஐல், ஐவ் போன்ற, அப்பாஸ்ட்ரஃபி (மேலே வைக்கும் காற்புள்ளி போன்ற குறி) வைத்த சுருக்கங்களிலும் அது பெரியதே என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தனியாக இல்லையே என்று சின்னதாக்கிவிடும்.

'அண்ட்... அண்ட்... அண்ட்' என்று அரைப் பக்கத்துக்கு ஒரே வாக்கியமாக எழுதி முதலில் மட்டும் கேப்பிட்டல் போட்ட பிள்ளை தப்புச் செய்யவில்லை. அங்கே குறை வாக்கியத்தை முடிக்கத் தெரியாதது. காற்புள்ளிக்குப் பிறகு கேப்பிட்டல் போடுகிற பிள்ளைக்குப் புள்ளியும் காற்புள்ளியும் கண்ணில் பிரியவில்லை. மேற்கோள் குறிக்குள் தொடங்கும் வாக்கியத்தின் முதல் சொல்லும் பெரியது என்பதை எட்டு வயது வரை தள்ளிவைக்கலாம்.

பெயர் எது

இங்கே நாம் சொல்லும் விளக்கமே பிழையை உண்டாக்குவது அதிகம். 'முக்கியமான சொல்லுக்குக் கேப்பிட்டல்' என்று சொன்னால் பிள்ளைக்கு அம்மா முக்கியம், நாய் முக்கியம், ஐஸ்கிரீம் ரொம்ப முக்கியம். எல்லாவற்றுக்கும் போட்டுத் தள்ளும். 'உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தால் கேப்பிட்டல்' என்றால் சூரியனும் சந்திரனும் வந்து நிற்கும். சாதாரண வாக்கியத்தில் சன், மூன் இரண்டும் சின்ன எழுத்துதான்.

ஓரளவு தாக்குப்பிடிக்கிற கேள்வி இது: 'இது இந்த வகை எல்லாவற்றுக்கும் பொதுவான சொல்லா, இந்த ஒன்றுக்கென்று வைத்த பெயரா?' கேர்ள் என்றால் எல்லாச் சிறுமியும், மீனா என்றால் இவள். டாக் எல்லா நாயும், டாமி இது. ரிவர் எல்லா ஆறும், நைல் அது. டே, மண்டே. மந்த், ஏப்ரல். தாளை இரண்டாக மடித்து இடப்பக்கம் பொதுச்சொல்லை நீங்கள் எழுதுங்கள், வலப்பக்கம் வைத்த பெயரைப் பிள்ளை எழுதட்டும். பிறகு பக்கம் மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு சொல்லைப் பிள்ளை கண்டுபிடித்துப் போடும்போது பதிவது, நாம் கொடுத்த பட்டியலை வாசிக்கும்போது பதிவதில்லை.

நாளும் மாதமும் சுலபம், பத்தொன்பது சொல்லோடு முடிந்தது. ஆனால் அந்தச் சூட்டிலேயே டுடே, டுமாரோ, மார்னிங், வீக் எல்லாவற்றுக்கும் பிள்ளை கேப்பிட்டல் போடும். சம்மர், விண்டர் போன்ற பருவப் பெயர்களும் சின்ன எழுத்துதான், பெரியவர்களே தடுமாறுகிற இடம் இது. மே என்பது மாதமானால் பெரிய எம், 'யூ மே கோ' என்பது போல வாக்கிய நடுவில் அனுமதியைக் குறிக்கும் சொல்லாக வந்தால் சின்ன எம். மார்ச் என்பதும் அப்படியே, அணிவகுத்து நடப்பது என்றால் சின்னது.

அம்மா விஷயத்துக்கு வருவோம். 'மை மதர்' என்றால் சின்ன எம். 'மதர்' என்று பெயருக்குப் பதிலாக அழைத்தால் பெரிய எம். முன்னால் மை, யுவர், ஹிஸ் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வழி. 'மை அங்கிள்' சின்னது, 'அங்கிள் ரவி' பெரியது. இதை ஏழெட்டு வயதுக்கு முன் எடுத்தால் ஏற்கெனவே பிடிபட்டதும் ஆட்டம் கண்டுவிடும்.

மொழிப் பெயர்களும் நாட்டினப் பெயர்களும் எப்போதும் பெரியவை: இங்கிலீஷ், தமிழ், இந்தியன். ஆனால் வாக்கியத்தில் வரும் மேத்ஸ், சயின்ஸ் சின்னவை. கால அட்டவணையில் எல்லாமே பெரிய எழுத்தில் தொடங்குவதால் பிள்ளைக்கு இது அநியாயமாகப் படும். படட்டும். ஏன் என்று விடாமல் கேட்கிற பிள்ளையிடம் 'ஆங்கிலத்தில் அப்படி வழக்கம்' என்று சொல்வதே நேர்மை. ஜெர்மன் மொழியில் எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் பெரிய எழுத்துதான், நாற்காலிக்கும் கூட. டேனிஷ் மொழியிலும் 1948 வரை அப்படி இருந்து பிறகு கைவிட்டார்கள். பிரெஞ்சிலும் ஸ்பானிஷிலும் வாரநாளுக்கும் மாதத்துக்கும் சின்ன எழுத்தே. காரணம் கற்பித்துச் சொன்னால் அந்தக் காரணத்தை வேறு சொற்களிலும் பொருத்திப் பார்த்துப் பிள்ளை தப்புச் செய்யும்.

எழுத வைப்பதும் திருத்துவதும்

தப்பான வாக்கியத்தைக் கொடுத்துத் திருத்தச் சொல்லும் பயிற்சித்தாள்கள் ஏராளம். அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாக்கியத்தில் ஒன்று அல்லது இரண்டு பிழைக்கு மேல் வேண்டாம். பக்கம் முழுக்கத் தப்பு உருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் கண் அதற்குப் பழகும். அதைவிட, அச்சிட்ட நல்ல பத்தியைக் கொடுத்து ஒவ்வொரு கேப்பிட்டலுக்கும் 'இது ஏன் பெரியது?' என்று கேட்பது மேல். பதில் 'முதல் சொல்', 'பெயர்', 'ஐ' என்று ஒரு சொல்லில் வந்தால் போதும்.

சொல்வதெழுதலுக்கு நாலு வாக்கியம், ஒவ்வொன்றும் ஐந்தாறு சொல். முழு வாக்கியத்தை ஒருமுறை சொல்லி, துண்டுதுண்டாக இரண்டாம் முறை சொல்லி, எழுதி முடித்ததும் மறுபடி முழுதாகச் சொல்லுங்கள். பெயர் வரும்போது குரலை உயர்த்திக் காட்டிக்கொடுக்கக் கூடாது, பலர் தெரியாமலே செய்கிறார்கள். எழுத்துக்கூட்டல் தெரிந்த சொற்களை மட்டும் பயன்படுத்துங்கள். கூட்டல் யோசனையில் மூழ்கிய பிள்ளைக்கு கேப்பிட்டலை நினைக்க இடம் இருக்காது. தானாகக் கதை எழுதும்போது முதல் எழுத்துகள் எல்லாம் மறுபடி தவறுவதும் இதனால்தான். அது பின்னடைவு அல்ல. எழுதும்போது நிறுத்தித் திருத்தாமல், எழுதி முடித்த பிறகு ஒரே ஒரு விதிக்காக மட்டும் மறுவாசிப்பு செய்யச் சொல்லுங்கள். முதல் சுற்றில் புள்ளிக்கு அடுத்த எழுத்து. அடுத்த சுற்றில் பெயர்கள். இரண்டையும் சேர்த்துத் தேடச் சொன்னால் இரண்டுமே தப்பிவிடும்.

திருத்தும்போது பிள்ளையின் எழுத்து மேலேயே சிவப்பில் எழுதாதீர்கள். எது பிள்ளை எழுதியது, எது நீங்கள் எழுதியது என்று அப்புறம் தெரியாது, திருத்தும் வேலையும் உங்களுடையதாகிவிடும். பிழை உள்ள வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள், பிள்ளையே தேடட்டும். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவர்கள் போடும் குறிகளைக் கற்றுக்கொடுக்கலாம்: பெரியதாக்க வேண்டிய எழுத்தின் கீழே மூன்று கோடு, சின்னதாக்க வேண்டிய எழுத்தின் குறுக்கே ஒரு சாய்கோடு. ரப்பரை எடுத்து வைத்துவிடுங்கள். அழித்துவிட்டால் எந்த இடத்தில் தவறுகிறது என்ற தடயமும் போய்விடும்.

விசைப்பலகைக்கு வந்தால்

கணினியில் தட்டச்சு தொடங்கும் பிள்ளைக்கு விசைப்பலகை ஒரு புதிர். விசைகளின் மேல் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் பெரிய எழுத்து, அழுத்தினால் திரையில் வருவது சின்ன எழுத்து. தொடக்கத்தில் எழுத்துப் பெயரைச் சொல்லி இரண்டையும் இணைக்க உதவுங்கள். அடுத்த சிக்கல் கேப்ஸ் லாக். ஒரு எழுத்துக்காக அதைப் போட்டுவிட்டு அணைக்க மறந்து, முழுப் பத்தியும் பெரிய எழுத்தாகிவிடும். ஷிஃப்ட் விசையை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே மறுகையால் எழுத்தைத் தட்டி, இரண்டையும் விட வேண்டும். சின்னக் கைகள் இரண்டையும் ஒரே நேரத்தில் தட்டப் பார்க்கும், அப்போது பல நேரம் சின்ன எழுத்தே வரும். 'முதலில் பிடி, பிறகு தட்டு' என்று சொல்லிச் சொல்லித்தான் வரும்.

கைபேசியிலும் டேப்லெட்டிலும் நிலைமை தலைகீழ். வாக்கியத் தொடக்கத்தை அதுவே பெரியதாக்கிவிடும், தனி ஐயையும் பல நேரம் அதுவே திருத்திவிடும். திரையில் பிழையே இல்லாமல் எழுதும் பிள்ளை நோட்டில் தவறினால் ஆச்சரியப்பட வேண்டாம். கற்கும் காலத்தில் விசைப்பலகை அமைப்புகளுக்குள் போய், தானாகப் பெரிய எழுத்தாக்கும் வசதியையும் தானியங்கித் திருத்தத்தையும் அணைத்துவிடுங்கள். இரண்டும் பெரும்பாலும் தனித்தனிப் பொத்தானாக இருக்கும். முதலாவதை மட்டும் அணைத்தால் தனி ஐ மறுபடி தானாகப் பெரிதாகிக்கொண்டே இருக்கலாம்.